கிணறு யாருடைய பத்திரத்தில் இருக்கிறது? நிலத்தடி நீர்ப் பாசனத்தின் பொருளாதாரமும் சாதியும்

கிணற்றுப் பாசன நிலத்தின் கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை விவரத்துக்குப் பின் ஒரு வாசகம் வரும். கிணற்றில் பொதுவில் கால் பாகம், 5 எச்.பி. மின் மோட்டார் பம்புசெட்டில் கால் பாகம், முறைவைத்து நீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம், மாமூல் வாய்க்கால் பாத்தியம் ஆகியவை சகிதம் நிலம் விற்கப்படுகிறது என்று அது சொல்லும். பத்திர எழுத்தர்கள் மனப்பாடமாக எழுதிவிடும் இந்த வரியில்தான் அந்த நிலத்தின் மதிப்பில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தலித் குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தது. ஒன்றேகால் ஏக்கர் புன்செய். ஒரே சர்வே எண்ணின் இரண்டு உட்பிரிவுகளில் ஒன்று அவர்களுடையது, மற்றொன்று அவர்களுக்கு அதை விற்ற சாதி இந்துக் குடும்பத்துடையது. கிணறு இரண்டாவது உட்பிரிவில் இருந்தது. இவர்களின் பத்திரத்தில் நான்கெல்லை இருந்தது, மரங்கள் இருந்தன, வழிநடைப் பாத்தியம்கூட இருந்தது. கிணற்றைப் பற்றிய வரி மட்டும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விளைச்சலில் பங்கு கொடுத்து அதே கிணற்றிலிருந்து நீர் வாங்கிப் பயிர் செய்தார்கள். அறுவடைக் கூலி தொடர்பாகச் சேரிக்கும் ஊருக்கும் தகராறு வந்த பருவத்தில் நீர் நிறுத்தப்பட்டது. நெல் பூட்டைப் பருவத்தில் நின்றிருந்தது.

இது சாதியக் கொடுமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்கு இடம் கொடுத்த பொருளாதார ஏற்பாடு என்ன, அதை எந்தச் சட்டம் தாங்கி நிற்கிறது என்பதை நம் இயக்கங்கள் போதிய அளவு பேசவில்லை. குடிநீர்க் கிணறு, பொதுக்குளம், இரட்டைக் குவளை பற்றி எழுதியிருக்கிறோம். பாசனக் கிணறு கணக்கில் வராமலே போய்விட்டது.

பாறைக்குள் இருக்கும் பொதுச்சொத்து

இந்தியாவில் ஓராண்டில் இறைக்கப்படும் நிலத்தடி நீர் ஏறத்தாழ 24,000 கோடி கன மீட்டர். உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு இறைப்பதில்லை. அதில் 87 விழுக்காடு பாசனத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டின் நிகரப் பாசனப் பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையுமே நம்பியிருக்கிறது. காவிரிக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் இருக்கும் அரசியல் முக்கியத்துவம் கிணற்றுக்கு இல்லை; ஆனால் நெல், கரும்பு, வாழை, மஞ்சள் விளைவதில் பெரும்பங்கு கிணற்று நீரில்தான்.

மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறைப் பகுதி. இங்கே நிலத்தடியில் ஏரி எதுவும் இல்லை. பாறையின் வெடிப்புகளிலும், மேலே மக்கிய பாறை அடுக்கிலும் தங்கும் மழைநீரே நிலத்தடி நீர். வெடிப்புகள் வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் 400 அடிக்குத் துளையிட்டால் நமது 60 அடிக் கிணறு வற்றும். 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 குறுவட்டங்கள் மிகை நுகர்வுக்கு உள்ளானவை. ஊறுவதைவிட இறைப்பது அதிகம். பாதுகாப்பானவை என வகைப்படுத்தப்பட்டவை 409 மட்டுமே.

ஒருவர் எடுப்பது மற்றவருக்குக் குறையும். யாரையும் எளிதில் தடுக்கவும் முடியாது. இத்தகைய வளத்தைப் பொருளியல் பொதுவளம் என்கிறது. சட்டமோ அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 7-இன் விளக்க எடுத்துக்காட்டு ஒன்றில், தன் நிலத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட தடத்தில் ஓடாத நீர் முழுவதையும் தன் எல்லைக்குள் திரட்டிப் பயன்படுத்தும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு என்கிறது. 1843-இல் இங்கிலாந்தின் ஆக்டன் எதிர் பிளண்டெல் வழக்கில் சுரங்க முதலாளிக்காக வகுக்கப்பட்ட கொள்கையின் வழித்தோன்றல் இது. அன்று ஏற்றமும் கவலையும் மட்டுமே இருந்த நாட்டில் இந்த விதி பெரிய தீங்கு செய்திருக்க முடியாது. மாடு இழுக்கக்கூடிய ஆழமே உரிமையின் எல்லையாக இருந்தது. நீர்மூழ்கி மோட்டார் வந்த பிறகும் விதி மாறவில்லை என்பதுதான் சிக்கல்.

நிலம் இல்லாதவருக்கு நிலத்தடி நீரில் எந்த உரிமையும் இல்லை என்பதே இதன் பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. வேளாண் கணக்கெடுப்புகளில் அவர்கள் கையில் இருக்கும் சாகுபடிப் பரப்போ பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நிலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு சட்டத்தின் துணையோடு அப்படியே நீரிலும் படிகிறது. கிணறு வெட்டும் முதல் வேண்டியிருப்பதால் நீரில் அது இன்னும் கூடுகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பறிபோன கதையைச் சொல்லும்போது மோசடிக் கிரயங்களைப் பற்றியும் 1994-இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றியும் பேசுகிறோம். அந்த நிலங்களில் பல தரிசாக, நீர் வசதியின்றிக் கொடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். நீரில்லாத நிலத்தை ஒரு கூலிக் குடும்பம் எத்தனை வறட்சிவரை பிடித்து வைத்திருக்க முடியும்?

ஆழத்தின் விலை

கிணற்றுப் பொருளாதாரத்தில் நுழைவதற்கான கட்டணம் துளையிடும் இடத்திலேயே தொடங்குகிறது. நீரோட்டம் பார்ப்பவர், திருச்செங்கோட்டிலிருந்து வரும் ரிக் வண்டி, கேசிங் பைப், மோட்டார், கேபிள். துளையிடும் கூலி அடிக் கணக்கில். ஆழம் கூடக் கூட அடிக்கான விகிதமும் கூடும். நீர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ரிக் வண்டிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். பாறைப் பகுதியில் வெறும் புகை பறந்து முடியும் துளைகள் ஏராளம். மூன்று துளைகளில் ஒன்று பலித்தால் போதும் என்று இறங்குவதற்கு இரண்டு தோல்விகளைத் தாங்கும் முதல் வேண்டும். பத்து ஏக்கர்காரருக்கு அது ஓராண்டு நட்டம். ஒரு ஏக்கர்காரருக்கு அது நிலத்தை விற்க வேண்டிய கடன்.

பொருளாதார அறிஞர் எஸ். ஜனகராஜன் தமிழகக் கிணறுகளை ஆராய்ந்து, போட்டிபோட்டு ஆழப்படுத்தும் இந்த ஓட்டத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் ஆழப்படுத்தினால் பக்கத்திலிருப்பவரும் ஆழப்படுத்த வேண்டும். முடியாதவரின் கிணறு கைவிடப்படும். அவர் புன்செய்க்கோ கூலிக்கோ திரும்புவார். நீர்மட்டம் இறங்குவதால் எல்லோரும் சமமாக இழப்பதில்லை. முதலில் கழன்று விழுபவர்களின் பங்கு, தாக்குப்பிடிப்பவர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

ஆற்றலின் கணக்கையும் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்த இயற்பியல்படி 0.027 யூனிட் மின்சாரம் போதும். 100 மீட்டர் உயர்த்த அதைப்போல் பத்து மடங்கு. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு பருவத்தில் 1,200 மில்லிமீட்டர் நீர் என்று வைத்தால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். நூறு மீட்டர் ஆழத்திலிருந்து, மோட்டாரின் திறன் 40 விழுக்காடு என்று கொண்டால், அதற்கு 3,300 யூனிட் வேண்டும். இந்தச் செலவு விவசாயியின் கணக்கில் வருவதில்லை. அரசின் கணக்கில் வருகிறது.

இலவச மின்சாரம் யாருக்கு?

மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த கொங்குப் பகுதி விவசாயிகள் போராட்டமும், 1970-இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் தமிழக விவசாய இயக்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் உள்ளவை. அதன் தொடர்ச்சியாக 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003-இல் கட்டணம் விதிக்க எடுத்த முயற்சி அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் முடிவுக்குப் பின் கைவிடப்பட்டது. தியாகம் நிறைந்த இயக்கம்தான் அது. ஆனால் பம்புசெட் வைத்திருந்தோரின் இயக்கம். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களுக்கு மின்கட்டணத்தில் இழக்கவோ பெறவோ ஒன்றும் இருக்கவில்லை.

2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் இலவச மின்சாரத்துக்காக ஒதுக்கப்பட்டது 7,280 கோடி ரூபாய். மாநிலத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. வகுத்துப் பார்த்தால் ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய். இது சராசரி. ஆழம் அதிகமுள்ளவருக்கும், 15 குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவருக்கும், வாழையும் கரும்பும் வைப்பவருக்கும் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இணைப்பு இல்லாதவருக்குக் கிடைப்பது சுழியம்.

இணைப்பு வாங்குவது எளிதன்று. 2021-இல் ஒரு லட்சம் புதிய இணைப்புகள் அறிவிக்கப்பட்டபோது நாலரை லட்சம் விண்ணப்பங்கள் காத்திருந்தன. காத்திருக்க முடியாதவர்களுக்கான தட்கல் திட்டத்தில் 5 குதிரைத்திறனுக்கு 2.5 லட்சம், 10 குதிரைத்திறனுக்கு 3 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். முப்பதாயிரம் ரூபாய் ஆண்டு வருமானம் தரும் சொத்தை 2.5 லட்சத்துக்கு வாங்குவதற்குச் சமம் இது. வசதியுள்ளவருக்கு லாபகரமான முதலீடு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ வழியாக இதில் 90 விழுக்காடு மானியம் உண்டு என்பதை வரவேற்க வேண்டும். அறிவிக்கப்பட்டபோது அதன் இலக்கு ஆயிரம் விவசாயிகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இலவச மின்சாரத்தை ஒழித்து மீட்டர் வைத்தால் நீரும் மிஞ்சும், நீதியும் கிடைக்கும் என்று நிதி நிறுவனங்கள் நீண்டகாலமாகச் சொல்லிவருகின்றன. நம் தோழர்கள் சிலரும் அதை ஒப்புக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேற்கு வங்கத்தில் 2007-இலிருந்து பாசன மோட்டார்களுக்கு மீட்டர் வைக்கப்பட்டதன் விளைவை அதிதி முகர்ஜி ஆராய்ந்தார். அதற்கு முன் மோட்டார் உடைமையாளர்கள் ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை கட்டிவந்ததால், அதை ஈடுகட்ட அக்கம்பக்கத்தாருக்கு நீர் விற்றே ஆக வேண்டியிருந்தது. வாங்குவோருக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது. மீட்டர் வந்ததும் அந்தக் கட்டாயம் போய், பலம் விற்போர் பக்கம் சாய்ந்தது. மின்கட்டணம் ஏறினால் அதைக் கடைசியில் சுமப்பவர் கிணறு இல்லாதவரே.

நீரை விற்பவரும் வாங்குபவரும்

கிணறு இல்லாதவர் நீரை வாங்குகிறார். மணிக்கணக்கில் பணம் கொடுப்பதும் உண்டு. நெல்லென்றால் விளைச்சலில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ கொடுப்பதும் உண்டு. ஒரு ஏக்கரில் 75 கிலோ மூட்டை 30 விளைந்து, மூன்றில் ஒரு பங்கு நீருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பத்து மூட்டை, அதாவது 750 கிலோ. 2024-25-இல் ஒன்றிய அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அப்படியானால் நீரின் விலை 17,250 ரூபாய். விற்பவர் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் முதல் போட்டிருக்கிறார், பழுது பார்க்கிறார் என்பது உண்மைதான். ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டுவதற்கு அவருக்கு ஆகும் மின்செலவு ஏதுமில்லை. அரசு கொடுத்த மானியத்தின் ஒரு பகுதியே இங்கே விலைபோகிறது.

நீர்ச் சந்தை என்ற சொல் பொருளாதார நூல்களில் அழகாக இருக்கிறது. சந்தையென்றால் பல கடைகள் இருக்க வேண்டும். வாய்க்கால் போகும் தூரத்துக்குள் இருக்கும் ஒரே கிணற்றைச் சந்தை என்று எப்படிச் சொல்வது? தமிழகக் கிராமங்களில் நீர் விற்பனையை ஆராய்ந்த ஜனகராஜன், நீர்ப் பேரம் தனியாக நிற்பதில்லை, மற்ற கொடுக்கல் வாங்கல்களோடு பின்னிக் கிடக்கிறது என்று காட்டினார். நீர் வாங்குபவர் நீர் கொடுப்பவரின் வயலுக்கு முதலில் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். குறைந்த கூலிக்கும் போக வேண்டியிருக்கும். நீரின் விலை பத்து மூட்டை என்று கணக்கில் எழுதுகிறோம். கூப்பிட்டபோது வர வேண்டும், ஊர் விவகாரத்தில் வாய் திறக்கக் கூடாது என்பவை எழுதப்படாத விலை. என்னிடம் வந்த குடும்பம் இருபது ஆண்டுகளும் இந்த இரண்டாவது விலையைத் தவறாமல் கட்டியிருந்தது. ஒரு பருவம் கட்ட மறுத்ததும் வாய்க்கால் அடைக்கப்பட்டது.

தாமதமாக வந்தவர்க்குக் கதவடைப்பு

நீர்மட்டம் இறங்கிய பின் கட்டுப்பாடுகள் வந்தன. அவை யாரைக் கட்டுப்படுத்தின என்று பார்க்க வேண்டும். பாசனக் கிணற்றுக்கான வங்கிக் கடனில் இரு கிணறுகளுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளி வேண்டும் என்ற நெறி பல பத்தாண்டுகளாக உள்ளது. பக்கத்து நிலத்தில் ஏற்கெனவே கிணறு இருந்தால் உங்களுக்குக் கடனில்லை. ஒன்றிய அரசின் பிரதமர் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவு, சிறு, குறு விவசாயிகளுக்கானது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை தருவது. ஆனால் நீர் எடுப்பு 60 விழுக்காட்டுக்குக் குறைவான பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். 435 மிகை நுகர்வுக் குறுவட்டங்களில் வாழும் தலித் விவசாயிக்கு அந்த முன்னுரிமையால் பயனில்லை.

மறுபுறம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் மீது கட்டுப்பாடு எதுவும் இல்லை. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டு நெறிகள் வேளாண்மைக்குத் தடையின்மைச் சான்று பெறுவதிலிருந்து விலக்களிக்கின்றன. தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது ஒருநாளும் நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் இறைத்து வளத்தைக் காலி செய்தவர்களின் கிணறுகள் அப்படியே இருக்க, முதன்முறையாகக் கிணறு வெட்ட வருபவரிடம் சூழலியல் பேசப்படுகிறது. புதிய கிணறுகள் வேண்டாம் என்பது நீரியல் நோக்கில் சரியாக இருக்கலாம். அப்படியானால் பழைய கிணறுகளின் நீர் பங்கிடப்பட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் நியாயம்.

பங்கிடச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் என்ற கோட்பாட்டை ஏற்றது. பிளாச்சிமடா வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில் அதை நிலத்தடி நீருக்குப் பொருத்தினார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி மசோதா நில உடைமையிலிருந்து நீருரிமையைப் பிரிக்கிறது. அது ஒரு மாதிரியாகவே நிற்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் கவனித்த அம்பேத்கர், 1947-இல் வெளியான ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் வேளாண் நிலம் அரசுடைமையாகிக் கூட்டுப் பண்ணைகளாகப் பயிரிடப்பட வேண்டும் என்றார். நிலம் தனியுடைமையாக இல்லாவிட்டால் 1882 சட்டத்தின் அந்த எடுத்துக்காட்டு நிற்க இடமே இருந்திருக்காது.

இன்று கையில் இருக்கும் சட்டம்

சட்டத் திருத்தம் வரும்வரை பயிர் காத்திருக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின், பிரிவு 3(1)(ஜி) நிலத்தின் மீது மட்டுமின்றி நீர், பாசன வசதிகள் மீதான உரிமையை அனுபவிப்பதில் குறுக்கிடுவதையும் குற்றமாக்கியுள்ளது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறை. விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தீருதவி உண்டு. பாசன வசதியைத் தேவையானால் அரசுச் செலவில் மீட்டுத்தர வேண்டும் என்றும் உள்ளது. இந்தக் கடைசிப் பகுதியை நம் மனுக்களில் கேட்பதே இல்லை.

இப்பிரிவுக்கு ‘உரிமை’ இருக்க வேண்டும். பத்திரத்தில் கிணற்றுப் பங்கு உள்ளவருக்கு முறை மறுக்கப்பட்டால் வழக்கு நேரடியானது. விலைக்கு நீர் வாங்கியவருக்குச் சிக்கல். இருபது ஆண்டு அனுபோகத்தால் வசதியுரிமை ஏற்பட்டுவிட்டது என்று அவர் வாதிடலாம். ஆனால் அந்த அனுபோகம் உரிமை கோரி நடந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் பங்கு கொடுத்து வாங்கினார் என்பதே அவர் பிறர் அனுமதியில் பயன்படுத்தினார் என்பதற்குச் சான்றாகத் திரும்பிவிடும். கொடுத்த விலையே உரிமையைக் கெடுக்கும் விந்தை இது.

அந்த இடத்தில் பயன்படுவது 3(1)(இசட்.சி), சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தண்டிக்கும் பிரிவு. பொருளாதாரப் புறக்கணிப்பு என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில், வழக்கமான வணிக நடைமுறையில் செய்யப்படுவதை அதே நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் அடங்கும். அதே கிணற்றிலிருந்து அதே பருவத்தில் சாதி இந்து ஒருவருக்கு அதே விலையில் நீர் போயிருந்தால், தலித்துக்கு மறுத்தது இதற்குள் வரும். என்னிடம் வந்த வழக்கில் இப்பிரிவையே பிடித்தோம். காவல் நிலையம் ‘தண்ணீர் அவர் சொந்தத் தண்ணீர்’ என்று சொல்லி மனுவைத் திருப்பியது. மற்றவர்களுக்கு நீர் போனதைக் காட்ட ஆவணம் தேவைப்பட்டது. அதற்குக் கைகொடுத்தது கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல். பயிரோடு பாசன ஆதாரத்தையும் கிராம நிர்வாக அலுவலர் அதில் பதிய வேண்டும். கிணறு இல்லாத மூன்று உட்பிரிவுகளில் கிணற்றுப் பாசன நெல் எனப் பதிவு இருந்தது. அவற்றில் ஒன்று எங்கள் மனுதாரருடையது, முந்தைய ஆண்டுகள்வரை.

வாய்க்கால் அடைக்கப்பட்ட அன்றே புகைப்படம், நீர் வாங்கிய கணக்கை எழுதிய நோட்டு, பக்கத்து நிலங்களின் அடங்கல் நகல் ஆகியவற்றைச் சேர்த்துவிட வேண்டும். பயிர் காய்ந்த பின் எடுக்கும் படம் வறட்சியையே காட்டும். தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய்வரை மானியம் பெற்று நிலம் வாங்கும் பெண்கள், வில்லங்கச் சான்றோடு புலப்படத்தையும் பார்த்து, கிணறு எந்த உட்பிரிவில் விழுகிறது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். விற்பவர் கிணற்றுப் பாகத்தை எழுத மறுத்தால், விலையைக் குறைத்துப் பேச வேண்டியது அந்த இடத்தில்தான்.